ஏழு நிபந்தனைகள்

1938 ஜூன் 18ஆம் தேதியிட்ட ‘ஹரிஜன்’ இதழில் காந்தி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கலவரம் வெடிக்கும் இடத்தில் ஆயுதமில்லாமல் போய் நடுவில் நிற்கப்போகிறவருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்பது அதன் பொருள். அவர் சொன்னதை ஏழு நிபந்தனைகளாகத் தொகுக்கலாம். அகிம்சையிலும் கடவுளிடத்திலும் உயிருள்ள நம்பிக்கை வேண்டும். எல்லாச் சமயங்களையும் சமமாக மதிக்க வேண்டும். இந்த வேலையைத் தனியாகவும் செய்யலாம், சேர்ந்தும் செய்யலாம். ஆள் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நான்காவது, அந்தப் பகுதி மக்களுக்கு முன்பே தொண்டு செய்து பழகியிருக்க வேண்டும். அடிதடி நேரத்தில் முன்பின் தெரியாத ஆளாக வந்து நிற்கக் கூடாது. ஐந்தாவது, யார் பக்கமும் சாயாதவர் என்று ஊர் அறிந்திருக்க வேண்டும். ஆறாவது, கலவரம் வருமுன் அறிகுறி தெரியும். தீப்பற்றும் வரை பார்த்திருக்காமல் அப்போதே இறங்கிவிட வேண்டும். கடைசியாக, முழுநேர ஊழியர்கள் சிலர் இருப்பது நல்லது, எல்லோரும் அப்படி இருக்க வேண்டியதில்லை. பார்த்தவுடன் அடையாளம் தெரிய ஓர் உடை வேண்டும்.

இன்று இதே வேலைக்கு ஐக்கிய நாடுகள் அவையின் பயிற்சி நிறுவனமான யுனிடார் பெயரில் இணையவழிப் பாடம் இருக்கிறது. ஆஸ்திரியாவில் ஒரு கோட்டைக்குள் வகுப்பு நடக்கிறது. ஜெர்மனியில் அரசுப் பணத்தில் ஆள் அனுப்புகிறார்கள். மாதச் சம்பளம், காப்பீடு, ஒப்பந்தம், பதவி உயர்வு எல்லாம் உள்ள உத்தியோகம் அது. அந்தப் பாடங்களைப் பிரித்துப் பார்த்தால் 1938ஆம் ஆண்டின் ஏழு நிபந்தனைகளில் பெரும்பாலானவை வேறு பெயர்களில் உட்கார்ந்திருக்கின்றன. நான்காவது மட்டும் வழியில் பல தடவை கைநழுவியது. அது நழுவிய இடங்களில் மனிதர்கள் செத்தார்கள் என்பதால்தான் இந்தப் பயணத்தை எழுதத் தோன்றியது.

கட்டுரை எழுந்த சூழல் கசப்பானது. 1937 தேர்தலுக்குப் பிறகு பல மாகாணங்களில் காங்கிரஸ் ஆட்சி. மறு ஆண்டு மார்ச்சில் அலகாபாத்தில் மதக் கலவரம் மூண்டபோது, ஐக்கிய மாகாணத்துக் காங்கிரஸ் அரசு போலீசையும் ராணுவத்தையும் கூப்பிட்டுத்தான் அடக்கியது. பதினெட்டு ஆண்டுகள் அகிம்சை பேசிய இயக்கத்துக்குத் தன் ஊர்த் தெருவில் நிற்க ஆளில்லை. இது நம் தோல்வி என்று காந்தி ஒளிக்காமல் எழுதினார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் இப்படி ஒரு முயற்சி எழுந்து அடங்கியிருந்தது. 1932இல் ஷாங்காயில் ஜப்பானியப் படையும் சீனப் படையும் மோதியபோது, மாட் ராய்டன் என்ற பெண் பிரசங்கியாரும் இரண்டு பாதிரியார்களும் ஆயுதமில்லாத தொண்டர்களை இரு படைகளுக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி சர்வதேச சங்கத்துக்கு எழுதினார்கள். எண்ணூறு பேர் அளவில் பெயர் கொடுத்தார்கள். அரசாங்கம் ஏதாவது முன்மொழிந்தால்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்று பதில் வந்தது. யாரும் கப்பல் ஏறவில்லை. ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சீனம் பேசத் தெரியாது, ஷாங்காயின் சந்துகள் தெரியாது, அங்கே அவர்களை அறிந்தவர் யாருமில்லை. உயிரைக் கொடுக்கும் மனம் இருந்தது. மற்ற எதுவும் இல்லை.

காந்தியின் நான்காவது நிபந்தனைக்கு நவகாளிதான் முதல் பெரிய சோதனை. 1946 அக்டோபரில் கிழக்கு வங்காளத்து நவகாளியில் இந்துக்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. நவம்பரில் அங்கே போன காந்தி தம்மோடு வந்தவர்களைப் பிரித்து ஆளுக்கொரு கிராமமாக அனுப்பினார். கூட்டமாக வலம் வர வேண்டாம், அந்த ஊரிலேயே தங்கு, ஊராரில் ஒருவராகு என்பதுதான் உத்தரவு. பியாரேலால் ஓர் ஊர். டாக்டரான சுசீலா நய்யார் ஓர் ஊர். அவர் மருந்து கொடுத்தே வாசல்களைத் திறந்தார். பீபி அம்துஸ் சலாம் என்ற முஸ்லிம் பெண் ஓர் ஊர்; ஒரு இந்துக் குடும்பத்திலிருந்து களவுபோன வாள் திரும்பி வர வேண்டும் என்று அவர் பல நாள் உண்ணாவிரதம் இருந்தார். ஊர் முஸ்லிம் பெரியவர்கள் உறுதிமொழி தந்த பிறகே, காந்தியின் முன்னிலையில் அதை முடித்துக்கொண்டார்.

ஆனால் 1938ஆம் ஆண்டின் அந்தப் பக்கத்தில் ஒரு பகுதி காலியாகவே இருந்தது. ஆள் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னார் காந்தி. அப்படி ஒருவரை எப்படி உருவாக்குவது என்று சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசவும் அப்படிப்பட்டவர்களின் சேனைக்கு ஓர் உருவம் கொடுக்கவும் 1948 பிப்ரவரியில் சேவாகிராமத்தில் கூடுவதாக ஏற்பாடு. ஜனவரி 30 முந்திக்கொண்டது.

ஒன்பது ஆண்டு கழித்து, 1957 ஆகஸ்டில், கேரளத்தில் பாத யாத்திரையில் இருந்த காந்தியின் சீடர் வினோபா பாவே சாந்தி சேனையைத் தொடங்கினார். குருவாயூர் சத்தியாகிரகத்தை நடத்திய கே. கேளப்பன் கேரளத்தில் அதற்குத் தலைமை ஏற்றார். வினோபாவின் கணக்கு நேரானது: ஐயாயிரம் பேருக்கு ஒரு சேவகர், அன்றைய இந்தியாவுக்கு 70,000 பேர். அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள்? வீட்டுக்கு ஒரு பானை. தினமும் அந்த வீட்டுக் குழந்தை தன் கையால் ஒரு பிடி தானியம் அதில் போட வேண்டும். சர்வோதய பாத்திரம் என்று அதற்குப் பெயர். பிடியரிசி எடுத்துவைக்கும் வழக்கம் தெரிந்த நமக்கு இது அந்நியமாகப் படாது. வினோபா அதைத் தர்மமாக மட்டும் பார்க்கவில்லை. பானை வைக்கும் வீடு, ‘எங்கள் தெருவில் சண்டை வந்தால் நீ நடுவில் வரலாம்’ என்று அந்தச் சேவகருக்குச் சம்மதம் கொடுக்கிறது. பானை காலியானால் சம்மதமும் போயிற்று. இத்தனை பத்தாண்டுகளில் இந்தத் துறை கண்ட ஏற்பாடுகளில் இதற்கு ஈடான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் மதிப்பீட்டு அறிக்கை சொல்ல முடியாததை ஒரு பானை சொல்லிவிடும்.

எழுபதாயிரம் பேர் கிடைக்கவில்லை. 1960களின் நடுவிலும் எண்ணிக்கை ஆறாயிரத்தைச் சுற்றியே நின்றது. இருந்தாலும் முறையான பயிற்சி என்பது அப்போதுதான் தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் அகில இந்தியப் பொறுப்பைச் சுமந்தவர் ஆஷாதேவி ஆரியநாயகம். யாழ்ப்பாணத் தமிழரான இ.டபிள்யூ. ஆரியநாயகத்தின் மனைவி. கணவனும் மனைவியுமாகச் சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வியை நடத்தியவர்கள். பிறகு காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயின் மகன் நாராயண் தேசாய் வாரணாசியிலிருந்து பயிற்சி முகாம்களை நடத்தினார். சின்னாளப்பட்டியை ஒட்டி, டி.எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கிய காந்திகிராமத்தில் சாந்தி சேனைப் பயிற்சி மாணவர் படிப்பின் அங்கமாகவே ஆயிற்று. தேர்த் திருவிழாவில் சாதித் தகராறு வந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடப்பது தமிழ்நாட்டில் வாடிக்கை. அந்த மேசையில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் அல்லர். பயிற்சி தந்த ஒரு நிறுவனம் இதே மாநிலத்தில் இத்தனை காலமாக இருந்திருக்கிறது என்பது பலருக்கு நினைவிலும் இல்லை.

1969 செப்டம்பரில் அகமதாபாத் பற்றி எரிந்தபோது சேனை அங்கே போனது. முதலில் பேச்சுவார்த்தைக்கு உட்காரவில்லை. தெருவில் கிடந்த இடிபாட்டைக் கூட்டினார்கள். அகதி முகாம்களுக்கு நடந்தார்கள். வதந்தி ஒன்று கிளம்பினால் அது சொன்ன இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அப்படி ஒன்றும் இல்லை என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. வதந்தியைத் தேடிப் போய் உடைப்பது இன்றைய பாடங்களில் தனி அத்தியாயம்.

இந்தக் கிளை இப்படி வளர்ந்துகொண்டிருந்தபோது, காலியாக இருந்த பகுதியை வேறொரு கிளை நிரப்பத் தொடங்கியிருந்தது. ஜேம்ஸ் லாசன் என்ற கறுப்பின அமெரிக்க இளைஞர் கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறையில் இருந்தவர். வெளியே வந்து 1953இல் மெதடிஸ்ட் ஊழியராக நாக்பூர் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்தார். அங்கிருந்து சேவாகிராமம் சுமார் 75 கிலோமீட்டர். மாண்ட்கமரியில் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த செய்தியை அவர் நாக்பூர்ப் பத்திரிகையில்தான் படித்தார். ஊர் திரும்பியதும் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார். தெற்கே வாருங்கள், காத்திருக்க நேரமில்லை என்று கிங் வற்புறுத்த, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் குடியேறினார்.

அந்த நகரில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்து அறையில் 1959 இலையுதிர் காலத்தில் நடந்ததை இந்தத் துறையின் முதல் வகுப்பறை என்பேன். வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய உணவுக் கடைகளில் போய் உட்காரக் கறுப்பின மாணவர்கள் தயாரானார்கள். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதுதான் கடை என்று வைத்துக்கொண்டார்கள். சிலர் வாடிக்கையாளர், சிலர் ரவுடி. ரவுடியாக நடிப்பவர் உண்மையாகவே கெட்ட வார்த்தை பேச வேண்டும், முகத்தில் சிகரெட் புகை ஊத வேண்டும், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ள வேண்டும். உட்கார்ந்திருப்பவர் கையை ஓங்கக் கூடாது, பதில் வசையும் கூடாது. கீழே விழுந்தால் தலையையும் வயிற்றையும் காக்க எப்படிச் சுருண்டுகொள்வது, நண்பனை அடிக்கும்போது அவனுக்கும் அடிப்பவனுக்கும் நடுவில் எப்படி உடம்பை நுழைப்பது, அடிப்பவன் கண்ணை எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகப் பழகினார்கள். பிறகு இடம் மாற்றிக்கொண்டார்கள். முடிந்தபின் உட்கார்ந்து பேசினார்கள்: எந்த நொடியில் கோபம் வந்தது, எந்தச் சொல் குத்தியது, கை எப்போது தானாக எழுந்தது.

கடைசி அரை மணி நேரத்துப் பேச்சில்தான் பயிற்சி இருக்கிறது. பொறுமை என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்த்த குணம் என்ற நினைப்பை அந்த அறை உடைத்தது. தாளம் போடக் கற்பதைப் போல அதையும் உடம்புக்குக் கற்றுத்தர முடியும் என்று தெரிந்தது. 1960 பிப்ரவரி 13ஆம் தேதி மாணவர்கள் நிஜக் கடைகளில் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு வாரம் கழித்து நிஜமாகவே அடி விழுந்தது, சிகரெட்டால் சுட்டார்கள், போலீசார் அடித்தவர்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த 81 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மே மாதத்தில் நாஷ்வில் கடைகள் கறுப்பின மக்களுக்குத் திறந்தன. பின்னர் குடியுரிமைப் போராட்டத்தில் பெயர்பெற்ற ஜான் லூயிஸ், டயேன் நாஷ், பெர்னார்ட் லஃபாயெட் எல்லாம் அந்த அடித்தள அறையில் தேறியவர்கள்.

அதே முறை 1964 ஜூனில் ஓஹயோ மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு ஊருக்குப் போனது. மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்யப் போகும் நூற்றுக்கணக்கான வடக்கத்தி மாணவர்களுக்கு அங்கே ஒரு மகளிர் கல்லூரி வளாகத்தில் பயிற்சி. இரண்டாவது அணி வந்து சேர்ந்திருந்த வேளையில், முதல் அணியோடு மிசிசிப்பிக்குப் போன மூன்று இளைஞர்களைக் காணவில்லை என்ற செய்தி வந்தது. ஆகஸ்டில் உடல்கள்தான் கிடைத்தன. காணவில்லை என்று கேட்ட பிறகும் இரண்டாவது அணியில் பெரும்பாலோர் கிளம்பினார்கள். அந்தக் கோடைகாலத்துப் பயிற்சியாளர்களில் ஒருவர் ஜார்ஜ் லேக்கி என்ற குவேக்கர் இளைஞர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்துக் கொழும்பில் சந்திப்போம்.

இரண்டு கிளைகளும் 1961 டிசம்பர் கடைசியில் லெபனான் மலை ஊரான புரும்மானாவில் ஒருமுறை சேர்ந்தன. வினோபாவின் சர்வோதய இயக்கத்தைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் நாராயண், அமெரிக்கரான ஏ.ஜே. மஸ்ட்டி, ஆங்கிலேயப் பாதிரியார் மைக்கேல் ஸ்காட் மூவரையும் தலைவர்களாகக் கொண்டு உலக அமைதிப் படையணி பிறந்தது. தார் எஸ் சலாமில் ஒரு பயிற்சி மையம் வைத்தார்கள். 1963 மார்ச்சில் டெல்லியிலிருந்து பீக்கிங்குக்கு நடந்தார்கள்; சீனா உள்ளே விடவில்லை, நடை அசாமோடு நின்றது. அந்தப் படையணி சீக்கிரமே கரைந்துபோனது. ஜெயப்பிரகாஷும் ஸ்காட்டும் அசாம் முதல்வர் பி.பி. சாலிஹாவோடு சேர்ந்து 1964இல் நாகாலாந்தில் கொண்டுவந்த போர்நிறுத்தம்தான் அந்த உறவு தந்த நல்ல பலன். சைப்ரசில் 1970களின் தொடக்கத்தில் அகதிகளை மீண்டும் குடியமர்த்தும் திட்டம் ஒன்றில் சாந்தி சேனைக்காரர்களும் அமெரிக்கர்களும் சேர்ந்து உழைத்தார்கள். 1974 ஜூலையில் துருக்கிப் படை இறங்கியதும் அது முடிந்தது. அதே காலத்தில் ஜெயப்பிரகாஷின் அரசியல் போராட்டத்தை ஒட்டி சர்வோதய இயக்கம் இரண்டாகப் பிளக்க, இந்தியாவில் சேனையும் ஓய்ந்தது.

1981 செப்டம்பரில் கனடாவின் ஒண்டாரியோவில், கிரைண்ட்ஸ்டோன் என்ற சின்னத் தீவில் ஒரு கைப்பிடி ஆட்கள் கூடி சர்வதேச அமைதிப் படையணி என்ற புதிய அமைப்பைத் தொடங்கினார்கள். நாராயண் தேசாய் அங்கே இருந்தார். முதல் வேலை 1983இல் குவாத்தமாலாவில். காணாமல் போனவர்களின் தாய்மார்களும் மனைவிமார்களும் மறு ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். இந்தத் தொண்டர்களின் வீட்டில்தான் முதலில் கூடினார்கள். 1985இல் ஈஸ்டரை ஒட்டிய நாட்களில் அந்தச் சங்கத்தின் தலைவர்களில் இருவர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் மிச்சமிருந்த தலைவர்களுக்கு இரவு பகலாகத் துணை போவது என்று தொண்டர்கள் முடிவெடுத்தார்கள். சந்தைக்கு, அலுவலகத்துக்கு, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு, கூடவே ஒரு வெளிநாட்டவர்.

இங்கேதான் காந்தியின் நான்காவது நிபந்தனை தலைகீழாயிற்று. நடுவில் நிற்பவர் ஊரார் அறிந்தவராக இருக்க வேண்டும் என்றார் அவர். குவாத்தமாலாவில் அந்நியராக இருப்பதே கவசமானது. கையில் கனடா அல்லது அமெரிக்கக் கடவுச்சீட்டு. இவர்மேல் கை வைத்தால் தூதரகம் கேட்கும், உதவிப் பணம் நிற்கும் என்று கொலைகாரன் கணக்குப் போடுவான். அந்தக் கணக்கில்தான் பக்கத்தில் நடப்பவர் உயிர் தப்புகிறார். பல உயிர்களை இது காப்பாற்றியது. குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கவசம் ஒருவருடைய கடவுச்சீட்டில் இருக்கும்போது, அவர் விமானம் ஏறினால் கவசமும் ஏறிவிடும்.

1989இல் இதே முறை இலங்கைக்கு வந்தது. தெற்கே ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய அரசுப் படைகளின் கொலைகளும். காணாமல் போனவர்களுக்காக ஆட்கொணர்வு மனு போட்ட வழக்கறிஞர்கள் கொல்லப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் வீட்டு வாசலில் துணைக்கு உட்கார வந்த முதல் அணியில் லேக்கி இருந்தார். ஓஹயோவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கொழும்பில் தானே செய்தார்.

1990களில் நல்ல மனம் மட்டும் போதாது என்பது வெட்டவெளிச்சமாயிற்று. 1991 வளைகுடாப் போரின்போது பல நாடுகளைச் சேர்ந்த எழுபதுக்கும் மேற்பட்டோர் ஈராக்–சவூதி எல்லையில் முகாம் போட்டு உட்கார்ந்தார்கள். குண்டுவீச்சு தொடங்கியபின் ஈராக்கியரே அவர்களை பாக்தாத்துக்கு அப்புறப்படுத்தினார்கள். 1993இல் ஐரோப்பாவிலிருந்து பெருங்கூட்டம் ஒன்று சரயேவோவுக்குப் போகக் கிளம்பி, வழியிலேயே என்ன செய்வதென்று தங்களுக்குள் ஒத்துப்போக முடியாமல் சிதறியது. அரசாங்கங்களும் தடுமாறின. 1998 அக்டோபரில் கொசோவோவில் ஆயுதமில்லாத 2,000 கண்காணிப்பாளர்களை நிறுத்துவதென்று ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு ஒப்புக்கொண்டது. அத்தனை பேர் எங்கே? கிடைத்தவர்களில் ஏராளமானோர் ஓய்வுபெற்ற ராணுவத்தினர். எண்ணிக்கை நிரம்புவதற்குள், 1999 மார்ச்சில், எல்லோரையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நான்கு நாளில் நேட்டோ குண்டுவீசத் தொடங்கியது.

இந்த வெற்றிடத்தில்தான் உத்தியோகம் பிறந்தது. ஆஸ்திரியாவில் ஹங்கேரி எல்லைப் பக்கம் ஷ்லைனிங் என்ற பழைய கோட்டையில் 1993இலேயே குடிமக்களுக்கான சர்வதேச அமைதிப் பயிற்சி தொடங்கியிருந்தது. ஜெர்மனியில் 1999இல் அரசே சிவில் அமைதிப் பணி என்ற திட்டத்தை ஏற்றது. பெர்லினிலும் ஸ்வீடனிலும் 2002இல் இதற்கென்றே அரசு நிறுவனங்கள். ஒருவர் பட்டம் வாங்கி, இரண்டு மொழி கற்று, முகாமில் கண்ணிவெடி அடையாளமும் வானொலித் தொடர்பும் பழகி, ஆயுதம் தாங்கிய சோதனைச் சாவடியில் எப்படிப் பேசுவது என்று நடித்துப் பார்த்து, விண்ணப்பம் போட்டு வேலைக்குப் போகலாம் என்ற நிலை வந்தது. இதை நான் முன்னேற்றமாகவே பார்க்கிறேன். உயிரைப் பணயம் வைப்பவருக்குச் சம்பளமும் மருத்துவமும் தராமல் தியாகம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது அநியாயம்.

1999 மே மாதம் ஹேக் நகர அமைதி மாநாட்டில் சந்தித்த டேவிட் ஹார்ட்சோ, மெல் டங்கன் என்ற இரண்டு அமெரிக்கர்களின் முயற்சியில் அகிம்சை அமைதிப் படை என்ற அமைப்பு உருவாயிற்று. அதன் தொடக்க மாநாடு 2002 கடைசியில் டெல்லிக்குப் பக்கத்தில் சூரஜ்குண்டில் நடந்தது. முதல் களம் இலங்கை, 2003. யாழ்ப்பாணம், மூதூர், வாழைச்சேனை, மாத்தறை ஆகிய நான்கு இடங்களில் அணிகள் தங்கின. அவர்களுக்கான பயிற்சி நூலை எழுதியவர்கள் டேனியல் ஹண்டரும் அதே ஜார்ஜ் லேக்கியும். நாஷ்வில் அறையின் பாடம் அதில் பெருகியிருந்தது. இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஒரு வரிசை கத்த மறு வரிசை தணிக்கும் பயிற்சி. ஊரில் யாருக்கு யாரோடு உறவு, யாருக்குப் பகை என்று படம் போடும் பயிற்சி. இரண்டு பேர் கைகலக்கும்போது சேர்ந்து முடிவெடுக்கும் பயிற்சி. 2004இல் விடுதலைப் புலிகள் கிழக்கில் பிளவுபட்டு, வீடு திரும்பிய பிள்ளைகளை மறுபடி பிடித்துப் போகத் தொடங்கியபோது, பிள்ளையைக் கேட்டு முகாம் வாசலுக்குப் போன தாய்மாரோடு இந்த அணியினர் போய் நின்றார்கள். சில பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

2006 ஆகஸ்டில் மூதூரில் பசிக்கு எதிரான நடவடிக்கை என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டை அவர்கள் உடம்பில் இருந்தது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இல்லை.

2008 செப்டம்பரில் வன்னியை விட்டு வெளியேறும்படி ஐ.நா. அமைப்புகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் இலங்கை அரசு உத்தரவிட்டது. கிளிநொச்சியில் ஐ.நா. வளாகத்து வாசலில் மக்கள் கூடி, போகாதீர்கள், நீங்கள் இருந்தால்தான் எங்களுக்குப் பாதுகாப்பு என்று கெஞ்சினார்கள். வண்டிகள் கிளம்பின. அடுத்த எட்டு மாதங்களில் நடந்ததை நான் இங்கே சொல்லத் தேவையில்லை. ஐ.நா. தன் நடத்தையைத் தானே விசாரிக்க அமைத்த, சார்லஸ் பெட்ரி தலைமையிலான குழுவின் அறிக்கை 2012 நவம்பரில் வந்தது. கொழும்பில் இருந்த மூத்த அதிகாரிகள் பலர், மக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பது தங்கள் பொறுப்பு என்றே எண்ணவில்லை என்று அது பதிவுசெய்தது. போர்க்களத்திலும் மனித உரிமைப் பணியிலும் அனுபவம் போதாதவர்கள் அங்கே பொறுப்பில் இருந்ததையும் சுட்டியது. பெரிய படிப்பும் நீண்ட சேவையும் உள்ளவர்கள்தான். இந்த வேலைக்கான பயிற்சி இல்லை. ஐந்தாவது நிபந்தனையான நடுநிலையை, கண்டதைச் சொல்லாமல் இருப்பது என்று புரிந்துகொண்டார்கள். இறப்பு எண்ணிக்கை அவர்கள் கையில் இருந்தும் வெளியே சொல்லவில்லை. காந்தி சொன்ன நடுநிலை அதுவல்ல. யார் அடித்தாலும் அடித்தவர் இவர் என்று சொல்லக்கூடியவர் என ஊர் நம்புகிற நடுநிலை அது.

நான்காவது நிபந்தனை திரும்பிவரத் தொடங்கியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில், அரசும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியும் பேச்சு நடத்திய காலத்தில், ஊர்க்காரர்களே சேர்ந்து போர்நிறுத்தக் காவல் குழுக்களை நடத்தினார்கள். பின்னர் அகிம்சை அமைதிப் படையும் அதிகாரபூர்வக் கண்காணிப்புக் குழுவில் குடிமக்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றது. தெற்கு சூடானில் அந்த அமைப்பு 2010 முதல் இருக்கிறது. 2014 ஏப்ரல் 17 அன்று ஜோங்லெய் மாநிலத் தலைநகரில் ஐ.நா. முகாமுக்குள் ஆயுதக் கும்பல் புகுந்து மக்களைக் கொன்றது. மண்குடிசை ஒன்றில் பெண்களோடும் குழந்தைகளோடும் மாட்டிக்கொண்ட அந்த அமைப்பின் ஊழியர்கள் இருவரை, வெளியே போய்விடுங்கள் என்று துப்பாக்கிக்காரர்கள் மூன்று முறை சொன்னார்கள். மூன்று முறையும் அடையாள அட்டையைக் காட்டி, போகமாட்டோம் என்றார்கள். குடிசைக்குள் இருந்த எல்லோரும் பிழைத்தார்கள். பத்திரிகைகள் அதை வீரம் என்றன. கத்துபவன் முன்னால் குரல் உயர்த்தாமல் நிற்க உடம்பைப் பழக்கியிருந்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது. அந்த இருவரிடமும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

2015இல் ஜோசே ரமோஸ் ஹோர்ட்டா தலைமையில் ஐ.நா. அமைதிப் பணிகளை ஆய்ந்த உயர்நிலைக் குழு, மக்களைக் காப்பதில் ஆயுதமில்லாத வழிகளே முன்னணியில் நிற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. யுனிடார் பாடமும் அந்த ஆண்டுகளில் வந்ததுதான். அதன் அடிப்படைக் கொள்கைகளில் அகிம்சை உண்டு, பக்கம் சாராமை உண்டு, உள்ளூர் மக்களுக்கே முதலிடம் என்பதும் உண்டு. கடவுள் நம்பிக்கை விடைபெற்றுவிட்டது. அடையாள உடை இருக்கிறது. சாந்தி சேனையின் காவித் துண்டுக்குப் பதில் நிறுவன முத்திரையிட்ட மேல்சட்டை.

ஆனால் உத்தியோகத்தின் அமைப்பே உள்ளூர் உறவுக்கு எதிராக வேலை செய்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ ஒப்பந்தம். சில வாரங்களுக்கு ஒரு முறை ஓய்வு விடுப்பு. அது கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் மனிதர் உடைந்துபோவார். நல்ல பெயர் எடுத்தால் அடுத்த நாட்டுக்கு மாற்றம். இரண்டு வருடம் ஓர் ஊரில் தேநீர் குடித்துச் சேர்த்த நம்பிக்கையை அடுத்து வருபவரிடம் கோப்பாக ஒப்படைக்க முடியாது. பயிற்சிக் கல்லூரிகளில் இதைக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டால், கற்றுத்தர முடியாது, இடம் கொடுக்கத்தான் முடியும் என்பேன்: வெளியாள் ஓர் அணியில் ஒருவராக இருக்கட்டும், மற்றவர்கள் அந்த மாவட்டத்தில் பிறந்தவர்களாக இருக்கட்டும், ஒப்பந்தம் ஊரின் வேளாண் காலத்தையும் திருமணக் காலத்தையும் பார்த்து நீளட்டும்.

2025இல் அமெரிக்கா தன் சர்வதேச உதவி நிறுவனமான யுஎஸ்எய்டைக் கலைத்தது. அந்தப் பணத்தில் ஓடிய திட்டங்கள் உலகெங்கும் நின்றன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அமைதிப் பணிக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் பலர் வேறு துறை தேடத் தொடங்கினார்கள். ஆனால் பணத்தை நம்பி நிற்காதவர்களும் உண்டு. தெற்கு சூடானில் பயிற்சி பெற்ற பெண்கள் பாதுகாப்புக் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. அவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்லர், அந்தந்த முகாமிலும் கிராமத்திலும் வாழும் பெண்கள். விறகு பொறுக்க முகாமைவிட்டு வெளியே போகும் பெண்களைச் சிப்பாய்கள் வழிமறித்துச் சீரழிப்பது அங்கே நெடுநாள் கொடுமை. கூட்டமாகப் போவது, துணையோடு போவது, எந்தப் பாதையில் நேற்று யார் நின்றார்கள் என்று விசாரித்துவிட்டுப் போவது என்று இவர்கள் ஏற்பாடு செய்கிறார்கள். தளபதியைப் பார்க்க வேண்டுமென்றால் அவருடைய அத்தையோ ஊர்ப் பெரியவரோ யார் என்று இவர்களுக்குத் தெரியும்.